அம்மி கல்யாணத்துக்குப் போன நாள்

என் மனைவி சுந்தரி தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள். ஓய்வு பெற்றதும் சும்மா இருந்திருக்கலாம். கம்பளைக்கு மேலே, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆளில்லாத ஒரு லயத்தில் ஓர் அறையைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டு வாங்கி, தோட்டத்துச் சனங்களின் வாழ்க்கைக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தாள்.

முதலில் காலியானது எங்கள் வீடுதான். அம்மி போனது. இடியாப்ப உரல் போனது. என் அப்பாவின் மழைக் கம்பளியும் போனது.

"அது அப்பாவோடது" என்றேன்.

"அதத்தாங்க எழுதி வச்சிருக்கேன்" என்றாள். ஒவ்வொரு பொருளுக்கும் அவளது குண்டு எழுத்தில் ஓர் அட்டை.

பக்கத்து லயத்துப் பேச்சியம்மா பார்க்க வந்தாள். "ஏன் டீச்சர், இந்தக் கூடையத்தானே காலையில இருந்து தலையில மாட்டிக்கிட்டு நிக்கிறேன். இதப் பார்க்கச் செருப்பு வேற கழட்டணுமா?"

அம்மிக்கு மட்டும் கிராக்கி. வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்துவிட்டது; மணப்பெண் கிரைண்டரை மிதிக்க முடியாதே. கேட்டவர்களுக்கெல்லாம் சுந்தரி தூக்கிக் கொடுத்தாள். அம்மியோடு விளக்கு, குடம், பாய், பாத்திரம் என்று பாதிச் சாமான் போகும்.

போன வருடம் புதிதாக வந்த துரை அறையைத் திரும்பக் கேட்டார். பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி ஒரு நாளும் குறித்தார். பேச்சியம்மாவின் மகள் கஜனிக்கு அன்றைக்குத்தான் கல்யாணம்.

"இன்னிக்கு மட்டும் இல்லன்னு சொல்லு" என்று மன்றாடினேன்.

"முகூர்த்தத்த மாத்தச் சொல்லவா?"

துரை வந்தபோது அறையில் பாதி இடத்தில் வெறும் அட்டைகள்தான் இருந்தன.

"சாமான் எங்க, டீச்சர்?"

"கல்யாணத்துக்குப் போயிருக்கு, சேர். பின்னேரம் வந்திரும்."

"அப்ப இது மியூசியம் இல்ல, ஸ்டோர்."

"ஸ்டோர்னா பூட்டியில்ல சேர் வச்சிருப்பாங்க?"

இந்த வாய்தான். அடுத்த கிழமையே அங்கே உர மூட்டைகள் ஏறின. மியூசியச் சாமான் அவ்வளவும் எங்கள் முன்னறைக்கு வந்தது. கதிரையில் உட்கார ஒரு கொழுந்துக் கூடையைத் தாண்ட வேண்டும்.

ஆவணியில் சுந்தரி போய்விட்டாள். பிரேதப் பெட்டி வைக்க இடமில்லாமல், வந்தவர்கள் எல்லாவற்றையும் அள்ளி வெளியே வைத்தார்கள். பிறகு அவர்களே அன்பாகத் திரும்ப அடுக்கியும் வைத்தார்கள், பொருள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கமாக. இப்போது அப்பாவின் கம்பளி இடியாப்ப உரலாகியிருக்கிறது.

நேற்றுக் கஜனி குழந்தையோடு வந்து பார்த்தாள். "ஐயா, எல்லாம் பிழையா இருக்கே. மாத்தி வைக்கவா?"

"வேணாம், விடு."

"டீச்சர் பார்த்தா ஏசுவாங்கல்ல?"

"ஏசட்டும்" என்றேன்.