கரடிக்கு ஒதுங்கிய சின்னத்தாய்

புக்கிட் ரோத்தானுக்கும் உள்ளே, காடும் ரப்பர் தோட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பட்டை கீறிப் பால் மரம் வெட்டியவள் சின்னத்தாய். காளியண்ணனின் மூத்த மகள். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமிக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். அவன் பெண் கேட்டு வந்தபோது, "இந்த மூக்கு என் பிள்ளைங்களுக்கு வந்தா யாரு லா கட்டுவா?" என்று சபையிலேயே கேட்டு அனுப்பியவள். அது அவனுக்கு ஆறவே இல்லை.

காட்டை ஒட்டிய கடைசி நிரை அவளுடையது. ஈர மண், மரத்தில் கட்டிய மங்கு தளும்பத் தளும்பப் பால் இறங்கும், கூலியும் கூட வரும். அந்தப் பக்கம் போனால் வாயைத் திறக்கக் கூடாது, கரடியின் பேரைக்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் வந்து நிற்கும் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பேச்சு. சின்னத்தாயும் ஊமை மாதிரித்தான் வெட்டிக்கொண்டிருந்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், மழை விட்ட ஒரு காலை, விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். மறுபக்கம் கறையானைத் தோண்டித் தின்றுகொண்டிருந்த கரடி திடுக்கிட்டு ஒரே அறை! இடது காதில் பாதி போனது. தோளில் தையலோடு கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பார்க்க வந்த பக்கத்து நிரைக்காரி இராஜம்மா மூக்கைச் சிந்தினாள். "சத்தமே போடாமத்தானே அக்கா போனே, அப்படியும் அடிச்சிருச்சே!"

"சத்தம் போடாததாலதான்டி அடிச்சிச்சு. நீ சோறு திங்கும்போது திடீர்னு ஒருத்தி வந்து தட்டு மேல நின்னா கொஞ்சுவியா?"

காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று, விடியலில் எல்லாரையும் பேர் கூப்பிட்ட இடத்தில் ரெங்கசாமி சொன்னான்: "சின்னத்தாய் இனிமே ஆயாக்கொட்டாயில பிள்ளைங்களைப் பார்க்கட்டும். அந்த நிரை வீரனுக்கு." வீரன் அவன் பெண்டாட்டியின் தம்பி.

"ஏன் மச்சான்?"

"கரடி நடமாடுற இடம். பொம்பளைக்கு ஆவாது. செத்துப் போனா யாரு பதில் சொல்றது?"

"நீ ஒண்ணும் பதில் சொல்ல வேணாம். கருமாதிக்கு வந்து வடையைத் தின்னுட்டுப் போ, போதும்."

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அரைக் காது வெளியே தெரியும்படி கொண்டையைத் தூக்கி முடிந்திருந்தாள். வாளிப் பிடியில் காலிப் பால் டின்கள் இரண்டைக் கட்டி, கலகலவென்று ஆட்டிக்கொண்டே போனாள். அதோடு விட்டாளா? மரத்துக்கு மரம் உரக்கப் பேச்சு. பேசுவதற்கா பஞ்சம்! ரெங்கசாமியின் அப்பா வழித் தாத்தா கப்பலில் வந்தபோது யார் மூட்டையிலிருந்து கருவாட்டைத் திருடினார், அவன் பெரியப்பா எந்தக் கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்காகச் சண்டை போட்டார், எல்லாம் வரிசையாக வந்தது. பக்கத்து நிரைகளில் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ரெங்கசாமி ஓடி வந்தான். "வாயை மூடிக்கிட்டு வெட்டு லா!"

"நான் வர்றது கரடிக்குத் தெரியணும் மச்சான். ஒன் குடும்பக் கதையைக் கேட்டா எந்த மிருகமும் கிட்ட வராது."

மாதக்கணக்கில் வரவும் இல்லை. பிறகு ஒருநாள், காற்று காட்டுப் பக்கமிருந்து பலமாக வீசியது. அவள் சத்தம் கரடிக்கு எட்டவில்லை போலிருக்கிறது. பொந்துக்குள் கையை விட்டுத் தேன் எடுத்துக்கொண்டிருந்த கரடி, அவளைக் கண்டதும் இரண்டு காலில் எழுந்து நின்றது. நெஞ்சில் மஞ்சள் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

ஓடினால் துரத்தும், மரம் ஏறினால் அவளைவிட அது நன்றாக ஏறும். சின்னத்தாய் டின்களைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்து வைத்தாள்.

"தின்னு ராசா. நான் ஒண்ணும் பார்க்கல. போயிடுறேன்."

இராஜம்மாவின் நிரைக்கு வந்த பிறகுதான் வாளியைக் கீழே வைத்தாள். சேதி கேட்டு ரெங்கசாமி வீரனையும் இழுத்துக்கொண்டு வந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல? பயந்து ஓடியாந்துட்டா பாரு! வீரா, வாளியை எடு."

வீரன் காட்டுப் பக்கம் பார்த்தான். கால் நகரவில்லை.

"யாரு ஓடினா? ஒதுங்கினேன். அதோட காடு, அதோட சாப்பாடு. அதுக்கு ஒதுங்குவேன். ஒனக்கு எதுக்கு லா மச்சான் நான் ஒதுங்கணும்?"

புதருக்குள் சுள்ளி முறியும் சத்தம் தூரமாகப் போய் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு வாளியைத் தூக்கினாள். ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை வைக்கும் வரை அந்த நிரையை அவள் கையிலிருந்து ஒருவராலும் பிடுங்க முடியவில்லை.

அன்றைக்கும் பாதியில் விட்ட மரத்திலிருந்தே தொடங்கினாள். டின்கள் கலகலத்தன.

"எங்க விட்டேன்? ஆங்... ஒங்க தாத்தா, கருவாட்டை வேட்டிக்குள்ள ஒளிச்சாரா..."