கீறல் இல்லாத மேஜைகள்

என் தங்கை புருஷனுக்கு எங்கள் தெருவில் பெயர் ரசமட்டம். தச்சு வேலைக்காரன். ரசமட்டம் என்பது பலகை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. உள்ளே ஒரு குமிழி ஓடும், அது நடுவில் வந்து நிற்க வேண்டும். அது சட்டைப்பையில் இல்லாமல் அவன் வாசலைத் தாண்டியதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் கொடுத்த தண்ணீரைக் குடிப்பான். நல்லவன், உழைப்பாளி, ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். "மாப்ள, நீ செய்ற மேஜைக்கு மட்டும் எப்படி நாலு கால் வருது?" என்று சீண்டுவேன். சிரிக்காமல், "மரம் பொய் சொல்லாது மச்சான்" என்பான்.

நான் வார்னிஷ் அடிப்பவன். அவன் இழைத்துக் கொடுப்பான், நான் மெருகேற்றுவேன். வருடா வருடம் பெரிய விடுமுறையில் தனியார் பள்ளிக்கூடங்களின் மேஜைகளைச் சரிசெய்வது எங்கள் வேலை.

அவனுக்கு ஒரே மகள். அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். கண் விழிக்கும்போது தொடங்கினால் கண் அயரும்வரை ஓடும். சாப்பாட்டுத் தட்டுகளில் எந்தத் தட்டு எந்தக் கரண்டியோடு சண்டை, எதற்காகச் சண்டை, யார் முதலில் மன்னிப்புக் கேட்டது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், விடுங்க" என்று நான் சொல்வேன். அவளுக்கு ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் நேரம் வந்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று பச்சை கேட். இன்னொன்று பழைய சரக்குக் கிடங்கைத் திருத்திக் கட்டியது, அதனால் எல்லோருக்கும் அது கிடங்குப் பள்ளி. கட்டணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். என் தங்கை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பச்சை கேட் பிடிக்கவில்லை.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், அந்த ஸ்கூல் அம்மாக்கள் ஒவ்வொருத்தரா வந்து பிள்ளைக்கு வயித்துவலி மருந்து கேக்குறாங்க. வெள்ளி, சனி ஒருத்தரும் வர்றதில்ல."

"லீவு நாள்ல கண்டதையும் தின்னிருக்கும்."

"அப்போ கிடங்கு ஸ்கூல் பிள்ளைங்க மட்டும் தின்னாதா?"

"உனக்கு மருந்து தெரியும். எனக்கு மேஜை தெரியும்," என்றான் அவன். "கிடங்கு ஸ்கூல் மேஜையப் போய்ப் பாரு. பூனைக்கு அஞ்சு கால் வரைஞ்சு வெச்சிருக்கானுங்க. பென்சில் சொருக ஓட்டை போட்டிருக்கானுங்க. இழைச்சு இழைச்சு எனக்குத் தோள்பட்டையே போச்சு. பச்சை கேட்ல ஆறு வருஷமா ஒரு கீறல் இல்ல. மனசு பாடத்துல இருந்தாத்தான் பிள்ளைங்க கை சும்மா இருக்கும்."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீயாவது சொல்லேன்."

எனக்கும் பச்சை கேட் வேலை என்றால் கொண்டாட்டம். சுரண்ட வேண்டாம், தேய்க்க வேண்டாம், மேலாக ஒரு பூச்சு அடித்தால் மத்தியானத்துக்குள் வீடு. "மாப்ள சொல்றதும் சரிதாம்மா" என்றேன். சோம்பேறித்தனத்தில் சொன்ன சொல் அது. நாக்கில் சூடு வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது இன்றைக்கு.

சேர்த்தார்கள். முதல் வாரம் ரேடியோ வந்து எல்லாம் சொன்னாள். ஜன்னலோரம் மூன்றாவது மேஜை, சுவர்ப்பக்கம் அவள் இடம். அடுத்த வாரம் கொஞ்சம் குறைந்தது. இரண்டு மாதத்தில், தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்க ஆரம்பித்தாள். நாங்கள் சிரித்தோம். "பாத்தியா, ஒழுங்கு வந்துடுச்சு" என்று மாப்பிள்ளை பெருமைப்பட்டுக்கொண்டான். தட்டுகளும் கரண்டிகளும் சண்டை போடுவதை நிறுத்திவிட்டன. கேட்டால் "ம்" என்பாள், அவ்வளவுதான்.

ஒருநாள் மாடிப்படியில் என் கண்ணெதிரே விழுந்தாள். முட்டி பிய்ந்து ரத்தம் வந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். அழுவதற்கு அனுமதி கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அழுடா கண்ணு" என்றேன். அதற்குள் அவளுக்கு அழுகை போய்விட்டது.

அரையாண்டு விடுமுறையில் பச்சை கேட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு மேஜைக்குக் கால் ஆடுகிறதாம். ஆறு வருடத்தில் அங்கே ஒரு மேஜையைக் கவிழ்த்துப் பார்க்கும் வேலை வந்தது அன்றுதான். கவிழ்த்தோம்.

மேஜையின் அடிப்பக்கத்துக்கு நான் வார்னிஷ் அடிப்பதில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுவேன். அந்தப் பூச்சில்லாத வெறும் மரத்தில், பிள்ளைகளின் விரல் எட்டும் இடம் முழுக்க நகக் கீறல்கள். பழையது, புதியது, ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு இடத்தில் உடைந்த நகத்துணுக்கு சிராயில் மாட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை பக்கத்து மேஜையைக் கவிழ்த்தான். அதற்கடுத்ததை. அந்த அறையில் இருந்த அத்தனையையும் கவிழ்த்தான். ஜன்னலோரம் மூன்றாவதைக் கடைசியாகத்தான் தொட்டான். சுவர்ப்பக்கத்து இடத்தில் கீறல்கள் ஆழம் குறைவு. சின்ன விரல்கள் அல்லவா. அவன் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள் என்று ஆறு வருடம் நம்பிய மனுஷன்.

மறுவாரமே அவளைக் கிடங்குப் பள்ளிக்கு மாற்றினார்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்று என் தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். சொல்லாததுதான் அவனை அரித்தது.

கிடங்குப் பள்ளியில் அவள் வகுப்பு மிஸ் தங்கமான பெண். "அவசரம் ஒண்ணுமில்லீங்க. அவ எப்ப பேசுறாளோ அப்ப பேசட்டும்" என்றாள். இரண்டு மாதம் போயிற்று. ஆமாம், இல்லை, வேண்டாம். இந்த மூன்று சொற்களுக்கு மேல் அங்கே யாரும் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளியில் கதவுத் தாழ்ப்பாள் கழன்றது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். தாழ்ப்பாளை முடித்துவிட்டு மாப்பிள்ளை அவள் வகுப்புக்குப் போனான். அவள் மேஜையில் பக்கத்துப் பையனின் பாதியில் கப்பல், நிலா, யாருடைய பெயரோ. அவள் பாதியில் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி. அவன் மேஜையைக் கவிழ்த்தான். பையனின் பக்கம் அடியில் சுத்தமாக இருந்தது. அவள் பக்கம் புதுக் கீறல்கள்.

"இங்கயுமா மச்சான்?" என்றான்.

மேஜையை நிமிர்த்தினான். உளியை எடுத்து, மேல்பலகையில் அவள் பாதியில், ஒரு கோடு போட்டான். ரசமட்டம் என்று பேர் வாங்கியவன் வேண்டுமென்றே கோணலாகப் போட்ட கோடு. "ஒண்ணு இருந்தா அவளுக்கும் கை வரும். பயம் விட்டுப்போகும்," என்றான். நானும் தலையாட்டினேன். எனக்கும் அன்று அது சரி என்றுதான் பட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றோம். கடைசி மணி அடிக்குமுன்பே மிஸ் வெளியே வந்தாள்.

"இன்னைக்கு உங்க பொண்ணு பேசினா," என்றாள்.

அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "என்ன மிஸ் சொன்னா?"

"காலையில வந்து மேஜையப் பாத்தா. கையத் தூக்குனா. நான் கூப்பிட்டதும் எழுந்து நின்னு, 'நான் பண்ணல மிஸ். நான் மேல கையே வெக்க மாட்டேன் மிஸ்'னு சொன்னா."

"அழுதாளா?"

"இல்லீங்க. உக்காரலாமான்னு கேட்டா."