பூச்சியத்துக்கு இறங்கிய பெட்டி

யுத்த காலத்தில் கண்டியில் இருந்துகொண்டு சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்தவன் என்றால் வீரன்போலத் தெரியும். உண்மையில், யாரும் கதவைத் தட்டினால் சூடான சோல்டரிங் அயனைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துப் பாயைப் பொசுக்கினவன் நான்.

பலகையில் சிப்புகளைப் பூட்டுவது லேசு. உயிர் கொடுப்பதுதான் பாடு. அதற்கு மொனிற்றர் என்றொரு குட்டிப் புரோகிராம் வேண்டும். கரன்ட் வந்ததும் எழும்பி, நினைவகத்தைச் சோதித்துவிட்டு, நாம் சொல்வதைக் கேட்கக் காத்திருப்பது அதுதான். பழைய வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒன்று கிடைத்தது. ஆனால் அது திரை வைத்த வேறு மெஷினுக்கு எழுதியது. என்னிடம் இருந்ததோ விளக்குகளாக எரியும் ஆறு சிவப்பு இலக்கங்கள். மாற்றி மாற்றி எழுதியதில் புரோகிராம் வீங்கி, சிப்புக்குள் அடங்கவில்லை. ஒரு தந்திரம் செய்தேன். மூலத்தில் சோதனை பூச்சியத்திலிருந்து மேலே எண்ணும். நான் மேலேயிருந்து பூச்சியத்துக்கு இறக்கினேன். பூச்சியம் வந்துவிட்டதா என்று பார்க்க அந்தச் சிப்புக்குத் தனிக் கட்டளை தேவையில்லை, இடம் மிச்சம். எண்ணிக்கை அந்த இலக்கங்களில் ஓடி, முடிவில் ஆங்கில எழுத்தில் ‘ஹலோ’ என்று காட்டும். அன்றைக்கு இரண்டு பிளேன்டீ குடித்துக் கொண்டாடினேன்.

நாவலப்பிட்டியில் ஒரு கலியாண வீடு. அங்கே ரேடியோ திருத்தும் சிநேகிதனுக்குக் காட்டலாம் என்று பலகையையும் பற்றரியையும் பிஸ்கட் டின்னில் வைத்து எடுத்துக்கொண்டேன். கூட வரவிருந்த மனைவி டின்னைப் பார்த்தாள்.

“பிடிச்சால் இந்த மனுசனை எனக்குத் தெரியாதெண்டுதான் சொல்லுவன்.”

கம்பளைக்குக் கிட்ட ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். டின் திறந்தது. இப்படியொரு வயர்க் குவியலோடு பிடிபட்ட தமிழன் அன்றிரவு வீட்டில் படுப்பான் என்று சொல்லமுடியாத நாட்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கம்ப்யூட்டர் என்றேன். அப்படியென்றால் போட்டுக்காட்டு என்றான் இளம் சிப்பாய். சந்தோஷமாக வயரைக் கொழுவினேன். சிவப்பு இலக்கங்கள் கடகடவென்று இறங்கத் தொடங்கியபோதுதான், நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்பது மண்டையில் ஏறியது.

சிப்பாய் பின்வாங்கினான். பஸ் சனமும் பின்வாங்கியது. துவக்குகள் நிமிர்ந்தன. ஒவ்வொரு கட்டளையும் நானே எழுதியது, வெடிக்க அதற்குள் ஒன்றுமேயில்லை. அப்படியிருந்தும் முதலில் வடிகானுக்குள் குப்புற விழுந்தது நான்தான், பட்டு வேட்டியோடு. செய்தவனே படுத்தால் மற்றவர்கள் நிற்பார்களா? மொத்தக் கூட்டமும் படுத்தது.

நின்றது மனைவி மட்டும். டின்னை எட்டிப் பார்த்தாள். அதில் ஹலோ என்று போட்டிருக்கிறது என்று, படுத்திருந்த எல்லோருக்கும் கேட்கச் சிங்களத்தில் அறிவித்தாள்.

சிப்பாய் எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு வந்து பார்த்தான். ஹலோவை எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டான்.

“ஆயெத், மாத்தயா.”

இன்னொருக்கால் போடச் சொல்கிறான். போட்டேன். இந்த முறை எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். என் கால்கள் மட்டும் வடிகான் பக்கமாகவே இழுத்தன. கடைசியில் அவர்களின் பெரியவர் டின்னை மூடித் தந்து, கலியாணத்துக்கு நேரமாகிறது, போ என்றார்.

பஸ்ஸில் மனைவி என் வேட்டிச் சேற்றைச் சுரண்டியபடி, அதை மேல்நோக்கி எண்ண வைக்க முடியாதா என்று கேட்டாள். இடம் காணாது என்றேன்.

“அப்ப அந்த ஹலோவை எடுத்துவிடுங்கோவன்.”

“அது இல்லாட்டி நான் இப்ப இந்த பஸ்ஸில இருப்பனே?”

வீடு திரும்பியதும், மொனிற்றரில் புரோகிராம்களைக் கசெட்டில் பதியும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மேல்நோக்கி எண்ண வைத்தேன். அதற்குப் பிறகு பெட்டியை நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும், செய்ததையெல்லாம் முதலிலிருந்து தட்டவேண்டி வந்தது. தட்டினேன். ஹலோவில் மட்டும் கை வைக்கவில்லை.