தங்கை முகத்தில் இருந்த மஞ்சள்

அந்த போட்டோ லேபில் அவளைச் ‘சாம்பல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களின் நிறத்தைத் திருத்துவது அவள் வேலை. பதினாறு வருஷமாக வேலைக்கு அவள் உடுத்தி வந்தது சாம்பல் நிறம் மட்டுமே. சிவப்பு உடுத்திக்கொண்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு திரையில் விழும். அதை நம்பித் திருத்தினால் படத்தில் இருப்பவர் முகம் வெளிறிப் போகும்.

திங்கட்கிழமை காலையில் வந்ததும் மானிட்டரைப் போட்டு அரைமணி நேரம் சூடேற விடுவாள். பிறகு வெளிச்சத்தைக் குறைத்து, உள்ளங்கையளவே உள்ள, நிறம் அளக்கும் கருவியைத் திரைமேல் தொங்கவிடுவாள். அது ஒவ்வொரு நிறமாகப் படித்து முடிக்கும்வரை யாரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். “போன்ல பளபளன்னு இருந்துச்சே, பிரிண்ட்ல ஏங்க இருட்டடிக்குது?” என்று சண்டைக்கு வருபவர்களிடம், “போன் உங்களுக்கு ஐஸ் வைக்குதுங்க. பேப்பருக்கு அந்தப் பழக்கமில்ல” என்பாள். வந்தவர் சிரித்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அவளுடைய தங்கையின் குடும்பப் படம் திருத்தத்துக்கு வந்தது. தங்கை, அவள் கணவன், மடியில் ஆறு வயது மகள். புதிதாகக் குடிபோன வீட்டுச் சுவருக்காக எடுத்தது. திறந்து பார்த்தவளுக்கு ஏதோ உறுத்தியது. தங்கையின் முகம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

மானிட்டரைச் சந்தேகப்பட்டு மறுபடி அளந்தாள். அது சரியாகவே இருந்தது. சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்ச விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள். அதிலும் அதே மஞ்சள். தங்கைக்கு போன் போட்டாள்.

“ஏண்டி, போட்டோ எடுக்கறப்போ பக்கத்துல மஞ்சளா ஏதாவது இருந்துச்சா?”

“ஜன்னல்ல மஞ்சத் திரை போட்டிருக்கேன்ல. ஏன்க்கா, கேவலமா இருக்கேனா?”

“நீ எப்பவும் அப்படித்தானே. நான் பாத்துக்கறேன் விடு.”

ஜன்னல் திரையின் மஞ்சள் என்றால் மடியில் இருக்கும் குழந்தை மேலும் பட்டிருக்க வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. அன்றைக்கு அறுபது படம் பாக்கி. தங்கையின் முகத்தை மட்டும் தனியே பிரித்து மஞ்சளை இறக்கினாள். கண்ணின் வெள்ளையையும் சுத்தமாக வெளுத்தாள். படத்தை வாங்கிப்போன தங்கை, “என் மூஞ்சிய இவ்ளோ நல்லா நானே பாத்ததில்லக்கா” என்று பூரித்துப் போனாள்.

பதினோரு வாரம் கழித்து, உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்று தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பித்தக் குழாயை ஒரு கட்டி அடைத்திருந்தது.

“கண்ணு எப்போலேர்ந்து மஞ்சளா இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

“போன வாரம்தான் சார் கவனிச்சோம்” என்றான் கணவன்.

பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. நேராக லேபுக்கு வந்து திருத்தாத படத்தைத் திறந்து பார்த்தாள்; கண்ணின் வெள்ளையிலும் அதே மஞ்சள். மறுநாள் டாக்டரைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம்” என்றார் அவர். “ஆனா அப்பவும் பொழச்சிடுவாங்கன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா.”

அந்த ‘உறுதியா சொல்ல முடியாது’ அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. நாலு மாதத்தில் தங்கை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் தங்கை கணவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

“ஒருநாள் எனக்கே அவ மொகம் வித்தியாசமா பட்டுச்சுக்கா” என்றான் அவன். “உடனே சுவத்துல மாட்டியிருந்த போட்டோவப் பாத்தேன். அதுல நல்லாத்தானே இருக்கா, நம்ம வீட்டு லைட்டுதான் இப்படிக் காட்டுதுன்னு விட்டுட்டேன்.”

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன்னைத்தானே நொந்துகொண்டு சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. “தம்பி, நீங்க என்னைய ஏதாவது சொல்லிடுங்க” என்று அழுதாள். அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். மூன்று மாதம் போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பில்லாமல் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, “சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் ஞாயிறு தவறுவதில்லை. வாசலைத் தாண்டி மட்டும் அவன் உள்ளே வருவதில்லை.

வேலையை அவள் விடவில்லை. அவளுக்கு வேறு தொழில் தெரியாது. எந்த முகத்திலாவது மஞ்சள் தெரிந்தால் கை நின்றுவிடும். படத்துக்குரியவர்களைக் கூப்பிட்டு, “நேர்லயும் இப்படித்தான் இருக்காங்களா, கொஞ்சம் பாருங்க” என்பாள். முதலாளி முணுமுணுத்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் வந்ததும் அவளை ஜன்னலோரம் கூட்டிப்போய், முகவாயைப் பிடித்து நிமிர்த்துவாள்.

“ஏன் பெரியம்மா, எப்பப் பாரு என் கண்ணையே பாக்கற?”

“சும்மாதான்டி, கொஞ்சம் மேல பாரு.”

குழந்தை கூச்சத்தில் நெளியும். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அவள் இன்னொரு தரம் பார்ப்பாள்.