என் கையோடு வந்த பச்சைச் செடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். மலைமேல், இத்தலாருக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் குத்தகைக்கு எடுத்திருந்த சரிவில் ஒரே ரக உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். அவருக்குக் குந்தாவில் மின்நிலைய வேலை என்பதால் தோட்டம் முழுக்க என் பொறுப்பு. பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பக்கத்துத் தோட்டம் ஒரு இளம்பெண்ணுடையது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு ஊருக்கே திரும்பி வந்தவள். அவள் தோட்டத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். உருளைக்கிழங்கிலேயே மூன்று ரகம், வரிசை மாற்றி வரிசை. நடுநடுவே பூண்டு, பீன்ஸ், மொச்சை. வரப்பில் வெட்டாமல் விட்ட, தவிட்டுப்பழம் என்கிற காட்டுப்பழப் புதர்கள். "தோட்டமா, காடா?" என்று வேலைக்கு வரும் பெண்களிடம் அவள் காதுபடவே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பங்குனியில் எங்கள் பக்கம் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த வருடம் அடிக்கவில்லை. மூடுபனியும் தூறலும் பத்து நாள் விடவே இல்லை. எட்டாம் நாள் சில இலைகளில் எண்ணெய் பட்டதுபோல் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. உடனே மருந்து அடித்தேன். மழை கழுவிக்கொண்டு போனது. மறுபடி அடித்தேன். அதிலிருந்து நான்காம் நாள் காலை தோட்டத்துக்குப் போகும் பாதையிலேயே அழுகல் வாடை வந்தது.

மேலேறிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின வாரம் இடுப்பளவு பச்சையாக நின்ற சரிவு முழுவதும் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துச் சரிந்து கிடந்தது. ஒரு வரிசைகூட மிஞ்சவில்லை. அழுகை வரவில்லை. காதுக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. நேராக வரப்பைத் தாண்டி அவள் தோட்டத்துக்குள் போனேன். "உன்ற காட்டுல இருந்துதான் சீக்கு வந்துச்சு. கண்ட புதரையும் வளத்து என் பொழப்பைக் கெடுத்துட்டயே" என்று கத்தினேன். வரப்பில் இருந்த இளம் புதர்களைப் பிடுங்கி எறிந்தேன். பீன்ஸ் கொடியை இழுத்தேன். அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். குழந்தை வீறிட்டு அழுதது.

அதே வேகத்தில் ஒரு உருளைச் செடியைப் பிடித்து இழுத்தேன். மண்ணோடு வந்தது. வேரில் நான்கைந்து கிழங்குகள் தொங்கின. இலை பச்சையாக இருந்தது.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். ஒரு வரிசை என் தோட்டம் போலவே கருகியிருந்தது. பக்கத்து வரிசையில் அங்கங்கே புள்ளிகள் மட்டும். நான் பிடுங்கிய வரிசை அப்படியே நின்றது. பூண்டுக்கும் மொச்சைக்கும் ஒன்றுமே ஆகவில்லை.

"அந்த ரகம் கருகலுக்குக் கொஞ்சம் தாங்குமுங்க அக்கா" என்றாள் மெதுவாக. "எது தப்பிக்கும்னு எனக்கும் முன்னாடியே தெரியாதுங்க. அதனாலதான் எல்லாத்தையும் கலந்து வெச்சேன். சீக்கு என் தோட்டத்துல இருந்து வரலீங்க. உங்க வரப்பை ஒட்டின கீழ்க்கடைசி வரிசைதான் முதல்ல கருகுச்சு, பாருங்க, உங்க பக்கத்துல இருந்துதான் இங்க வந்திருக்கு."

செடியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கடப்பாரையோடு போய், பிடுங்கிய புதர்களைத் திரும்ப நட ஆரம்பித்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் குழந்தை என்னைக் கண்டால் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அதைப் பார்ப்பதுதான் நஷ்டத்தைவிடக் கடினமாக இருந்தது. மூன்றாம் நாள், மீதிப் புதர்களுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, "இன்னும் கொஞ்சம் ஆழமா குழி எடுங்கக்கா, இல்லாட்டி காஞ்சிரும்" என்றாள். அது போதும் எனக்கு.

அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கும் அவளே கொடுத்தாள். தாங்கிய ரகத்தை மட்டும் நான் பொறுக்கியபோது தடுத்தாள். "அதையே முழுசும் வெச்சுடாதீங்க. இந்த வருசம் கருகல் வந்துச்சு, வர்ற வருசம் உறைபனி வருதோ, வறட்சி வருதோ, யாரு கண்டா?"

அவள் சொன்னபடி கலந்தே நட்டேன். அந்த மார்கழியில் உறைபனி விழுந்து பீன்ஸ் அத்தனையும் போனது. பூண்டு நின்றது, கிழங்கில் பாதி நின்றது. குடும்பம் தள்ளாடவில்லை.

கருகிய பயிரை ஒரு போகத்தில் மறந்துவிட்டேன். ஆனால் எனக்குப் புரியாத ஒன்றைக் குற்றவாளியாக்க என் கை எவ்வளவு வேகமாக நீண்டது என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.