ஒளிய இடமில்லாத ஊர்

1. சனிக்கிழமை பின்னேரம் எங்கள் அகதி விடுதியின் யன்னல்களுக்குக் கல் விழுந்தது.
2. பெற்றோல் போத்தல் ஒன்று சமையலறைக்குள் வெடித்தது. திரைச்சீலை பற்றிக்கொண்டது.
3. அம்மா, அண்ணை, நான் மூவரும் பின்கதவால் தேவாலயத்துக்கு ஓடினோம்.
4. தேவாலயம் பூட்டியிருந்தது.
5. அதன் படிகளில் வைத்து அண்ணையை அடித்தார்கள். இரும்புக் கம்பி இடது கண்ணில் பட்டது.

ஏன் தேவாலயத்துக்கு ஓடினோம் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அதற்கு அந்த ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் நில அளவைப் படம் வரையப் படித்தவள். எங்கே போனாலும் மனம் ஒரு படம் கீறிவிடும்.

கிழக்கு ஜெர்மனியில், லைப்சிக்கிலிருந்து ரயிலில் வந்தால் வயல், மறுபடியும் வயல். மேடு இல்லை, வேலி இல்லை. ஊர் என்பது ஒரே ஒரு நீளத் தெரு. தெற்கு முனையில் மூடிக் கிடந்த தொழிற்சாலை, நடுவில் தேவாலயம், வடக்கு முனையில் பழைய படைமுகாமை மாற்றிய விடுதியில் நாங்கள். பொலிஸ் நிலையம் அடுத்த ஊரில். கிழக்கையும் மேற்கையும் பிரித்த மதில் விழுந்தபின் தொழிற்சாலை நின்றுபோக, வேலை கிடைக்கக்கூடியவர்கள் மேற்கே போய்விட்டார்கள். மிஞ்சியது வயதானவர்களும், பஸ் தரிப்பில் பியரோடு நிற்கும் இளைஞர்களும். தங்கள் சனம் விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் எங்களை இறக்கியதாக அந்த இளைஞர்கள் நினைத்தார்கள்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டியவர். "இஞ்சை றோட்டிலை மாடும் இல்லை, மறிச்சு நிப்பாட்ட ஆமிச் சென்றியும் இல்லை. விசா வரட்டும், லொறியிலை பறப்பன்" என்பார். அவர் ஆசைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான்.

அன்று புகை சூழ்ந்ததும் அம்மா கத்தினார்: "கோயிலுக்கு ஓடுங்கோ! கோயிலுக்குள்ளை அடிக்கமாட்டாங்கள்!"

ஷெல் விழுந்தால் கோயிலுக்கு ஓடித்தான் எங்களுக்குப் பழக்கம். வயலுக்குள் ஓடியிருந்தால் எவ்வளவு தூரம் போனாலும் தெரிந்திருப்போம். தெருவால் ஓடினோம். வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டே யன்னல் பலகைகளை இறக்கினார்கள்.

அம்மா கதவை இரண்டு கையாலும் அடித்தார். பின்னால் சப்பாத்துச் சத்தம். முன்னுக்கு வந்தவனை எனக்குத் தெரியும், பஸ் தரிப்பில் நிற்பவன். அவனுடைய மோட்டார் சைக்கிளின் கழன்ற சங்கிலியை அண்ணைதான் பூட்டிக் கொடுத்தவர். அண்ணைக்கும் அவனைத் தெரிந்தது. சிரிக்கப் பார்த்தார். அவன் கம்பியை ஓங்கினான். அண்ணை விழுந்தபின் மற்றவர்கள் உதைத்தார்கள். அம்மா அண்ணையின் மேலே விழுந்து மறைத்தார். அவருடைய முதுகிலும் உதைத்தார்கள். நான் ஒருவனின் கையைக் கடித்தேன். வாயில் வந்தது அவனுடைய இரத்தம்தான்.

அடுத்த நாள் அந்தத் தேவாலயத்தின் போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"ஞாயிறு காலையில் மட்டும்தானே திறப்போம். ஏன் அங்கே போனீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். "சண்டைக்குள்ளை பூட்டிக் கிடக்கிறது என்ன கோயில் எண்டு கேளடி."

நான் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். பிறகு அவர், நாங்கள் அந்த ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டுத் தானே எழுதிக் கொடுத்தார்.

இப்போது மேற்கே டோர்ட்மண்டில் இருக்கிறோம். கம்பி பிடித்தவனுக்குத் தண்டனை கிடைத்தது. மற்றவர்களை அடையாளம் காட்ட முடியவில்லை. அண்ணைக்கு விசா வந்துவிட்டது. இடது கண் தெரியாது. லொறி அனுமதிப்பத்திரம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார்.