சித்தியின் நெஞ்சில் உட்கார்ந்தவன்

பகலில் தூங்குகிறவர்களைத்தான் 'அமுக்குவான்' என்கிற பேய் பிடிக்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வடக்கே கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, கால் சென்டரில் ராத்திரி வேலை பார்த்தாள். பகலில்தான் தூங்கியாக வேண்டும். பேய்க்கு வசதியாகப் போயிற்று. திடீரென்று அலறிக்கொண்டு எழுவாள். "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துட்டாங்கக்கா. கத்துறேன், சத்தமே வரல." அம்மா தலையணைக்கடியில் பாக்குவெட்டி வைத்தாள். பேய் அதற்கெல்லாம் அசரவில்லை.

கனவில் கைகால் ஆடிவிடாதபடி மூளை உடம்பைக் கட்டிப்போடுமாம். சில சமயம் விழிப்பு வந்த பிறகும் அந்தக் கட்டு அவிழாது. மூச்சு இறுகும், பயந்த மனசு நெஞ்சின் மேல் ஓர் ஆளை உட்காரவைத்துவிடும். கண்ணும் காதும் மட்டும் விழித்திருக்கும். இதெல்லாம் வளர்ந்த பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது.

வேலையை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்றார் அப்பா. வரனும் தயார். மதுரையில் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், சித்தியைவிட ரொம்ப மூத்தவர். யோசித்துச் சொல்வதாகச் சித்தி இழுத்துக்கொண்டிருந்தாள். என் காதில் மட்டும், "செத்தாலும் மாட்டேன்டி" என்றிருந்தாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஊரிலிருந்து தாத்தா போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம், உடனே பதில் வேண்டுமாம். அப்பா ரிசீவரைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சித்தி கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாள்.

"என்னம்மா, சரின்னு சொல்லிரவா? இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிரு."

சித்தி வாயைத் திறக்கவில்லை. பார்வை மட்டும் அப்பாவிடமிருந்து நகர்ந்து, கட்டிலருகே நின்ற என் மேல் நிலைத்தது. கண்ணோரம் நீர் வழிந்தது.

"வெக்கப்படுறா," என்றாள் அம்மா, பூரித்துப்போய்.

அப்பா போனில், "தாம்பூலத்தை மாத்திருங்க மாமா," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி வீறிட்டபடி எழுந்தாள். "மாட்டேன்னு கத்துனேனே, அத்தான்! உங்களுக்குக் கேக்கலையா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா விபூதி பூசினாள். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, இனி பேச்சை மாற்றினால் ஊரில் தாத்தா தலைகாட்ட முடியாது என்றார் அப்பா.

எனக்குச் சித்தி மேல் அப்படியொரு கோபம். என்னிடம் மட்டும் வீரம் பேசிவிட்டு, அப்பா கேட்டபோது பயந்தாங்கொள்ளியாகக் கிடந்தாளே! கல்யாணம் முடிகிறவரை அவளோடு பேசவே இல்லை. நீயாவது சொல்லேன் என்றுதான் அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.